ஹார்லன் குடாவின் சிப்பி மாநாடு

மே 5, திங்கள்

ஜனவரியில் ஷெரின் மெல்போர்னிலிருந்து அனுப்பிய டைரி இது. இத்தனை நாளும் சமையலறை மேசையில் சும்மா கிடந்தது. "ரிட்டயர் ஆகுற வருஷம், ஏதாவது எழுதி வைம்மா, தமிழ்லயே எழுது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் மகள். செப்டம்பரோடு எனக்கு வேலை முடிகிறது. எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு ஒன்று வந்து சேர்ந்தது.

காலையில் டேமியன் கூப்பிட்டார். எங்கள் நிதியத்தில் ஆய்வுத் திட்டங்களுக்கு அவர்தான் பொறுப்பு. சின்ன வயது. தன் அறைக்கே கதவைத் தட்டிவிட்டுத்தான் போவாரோ என்று தோன்றும், அவ்வளவு மரியாதை. மீன் பிடிப்பவர்களும் மீன், சிப்பி வளர்ப்பவர்களும் வருடாவருடம் கட்டுகிற பங்கு, அதற்கு ஈடாக அரசு போடுகிற பங்கு, இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் நிதியம். அதை ஆய்வுகளுக்கும், தொழில்காரர்கள் கூடுகிற மாநாடுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. இந்த வருடம் சிப்பிக்கென்று ஒதுக்கியதில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் இடம் இருக்கிறது, வந்திருப்பதோ இரண்டு விண்ணப்பம் என்றார். ஒன்று, ஹார்லன் குடா சிப்பி வளர்ப்போர் மாநாடு. இன்னொன்று, கோடையில் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் சாவது ஏன் என்று பார்க்கிற ஆய்வு. ஜூனில் குழு கூடுகிறது. எதற்குக் கொடுக்கலாம் என்று அலுவலகத்தின் சார்பில் குறிப்பு எழுத வேண்டியது நான்.

இரண்டுமே எனக்கு வேண்டப்பட்டவை என்று உடனே சொன்னேன். இந்த மேசைக்கு வருவதற்கு முன்னால் அந்த மாநாட்டைப் பல வருடம் நானே முன்நின்று நடத்தியிருக்கிறேன். ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கும் மெய்-லின், என் கணவர் செலஸ்டினிடம் படித்த கடைசி மாணவி. டேமியன் சிரித்தார். இந்த மாநிலத்தில் சிப்பியைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான், மேலே அதை எழுதிவிட்டுக் கீழே உங்கள் கருத்தை எழுதுங்கள் என்றார்.

வரும் வழியில் கீரை வாங்கினேன். வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சட்டைப் பொத்தான்.

மே 8, வியாழன்

மழை. காரை சர்வீஸுக்கு விட்டேன். குறிப்பு இன்னும் தொடங்கவில்லை.

மே 11, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து, துணி மடித்துக்கொண்டே ஹார்லன் குடாவை நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை போனபோது ஷெரினுக்கு மூன்று வயது.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் செலஸ்டினும் நானும் ஒரே வகுப்பு. அடிலெய்டில் அவருக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது, பின்னாலேயே வேலையும் கிடைத்தது. எனக்குப் பட்டம் இருந்தது, வேலை இல்லை. அந்த வருடம் அவரை மாநாட்டில் பேசச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் தனியாக என்ன செய்வது என்று நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேற்குக் கடற்கரைக்கு ஒரு நாள் முழுக்கக் கார் பயணம். கோதுமை வயல் முடிந்தால் புதர்க்காடு, புதர்க்காடு முடிந்தால் மறுபடி கோதுமை. கடலே வராதோ என்று நினைக்கும்போது ஒரு திருப்பத்தில் குடா தெரிந்தது. பச்சையும் நீலமுமாக ஆழமில்லாத தண்ணீர், அதில் வரிசை வரிசையாகச் சிப்பிக் கூடைகள்.

மாநாடு நடந்தது கால்பந்து கிளப்பின் கூடத்தில். ஆள் போதவில்லை என்று என்னைத் தேநீர் மேசையில் நிறுத்தினார்கள். செலஸ்டினுக்கு மேடை என்றாலே பயம். கல்லூரியில் கருத்தரங்கு நடந்தாலும் கடைசி பெஞ்சில்தான் இருப்பார். அன்றைக்குத் திரையில் படங்களைப் போட்டு, வேக வேகமாக நம் ஊர் ஆங்கிலத்தில் பேசினார். பின்சுவரில் கைகட்டிச் சாய்ந்திருந்த ஒருவர், பூட்ஸெல்லாம் சேறு, கையைத் தூக்கினார். கோபமாக இல்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "நீங்க சொல்றது முக்கியமான விஷயம்னு தெரியுது. ஆனா எனக்கு ஒரு வார்த்தையும் புரியலை."

கூடமே சிரித்தது. செலஸ்டின் திரையை அணைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். தேநீர்க் குடுவையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில், வெளியே நின்ற யாரோ ஒருவருடைய வண்டியிலிருந்து ஒரு கூடை சிப்பியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டை உடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கத்தி முனையால் தொட்டுக் காட்டி, இது பிழைக்கும், இது அடுத்த மாதம் சாகும், ஏன் என்று வந்து பாருங்கள் என்றார். நாற்காலியிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போய் அவரைச் சுற்றி நின்றார்கள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

கைகட்டி நின்றவர்தான் நீல். கூடையும் அவருடையதுதான். அன்று சாயங்காலம் நீலும் அவர் மனைவி மார்கும் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு ஹார்லன் குடாவில் செலஸ்டினுக்குப் பெயர் 'செல்'. எனக்கு பெர்னதெத் போய் 'பெர்னி'.

மே 20, செவ்வாய்

மார்க் போன் செய்தாள். அவள்தான் இப்போது மாநாட்டுக் குழுவின் தலைவி. ஆகஸ்டில் கூடை விற்பவர்களுக்கும் தரம்பிரிக்கும் இயந்திரம் விற்பவர்களுக்கும் பெரிய கூடாரம் ஒன்று போடலாமா, இரண்டாகப் போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள். நிதி வழக்கம்போல் வந்துவிடும் என்ற நினைப்பிலேயே பேசினாள். குழு இன்னும் கூடவில்லை, முடிவு தெரியும் வரை எதையும் வாடகைக்கு எடுக்காதே என்று மட்டும் சொன்னேன். பிறகு, இந்த வருடமாவது ஒரு நாளோடு ஓடிவிடாமல் தங்குவாயா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

நிதியத்தின் ஆளாக வருடாவருடம் போகிறேன். இரண்டு நிமிடம் வாழ்த்துரை, ஒரு தேநீர், அப்படியே திரும்பிவிடுவேன். அடிலெய்டில் வேலை குவிந்து கிடக்கும், அதனால்தான்.

மே 27, செவ்வாய்

மெய்-லின் அலுவலகத்துக்கு வந்தாள். போன நாலு கோடையிலும் நடந்ததை விளக்கினாள். சாயங்காலம் நன்றாக இருந்த சிப்பி காலையில் வாய் திறந்து கிடக்கிறது. கிருமி என்று எதுவும் அகப்படவில்லை. ஒவ்வொரு தாய்ச்சிப்பியின் குஞ்சுகளையும் பிரித்து வெவ்வேறு குடாக்களில் போட்டு, மூன்று கோடை தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்கிறாள். எந்த வம்சம் தாக்குப்பிடிக்கிறது, எதனால் என்று அப்போதுதான் தெரியும்.

கெஞ்சவில்லை. எனக்குச் சொந்தக்காரி மாதிரியும் நடந்துகொள்ளவில்லை. யோசிக்கும்போது பேனாவின் பின்பக்கத்தால் மேசையை மெல்லத் தட்டுகிறாள். அதை யாரிடம் பழகினாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

கிளம்பும்போது, மாநாட்டுக்கும் எனக்கும்தான் போட்டியா என்று கேட்டாள். பதில் சொல்லக் கூடாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 2, திங்கள்

குறிப்பை மாநாட்டுக்குச் சாதகமாக எழுதிப் பார்த்தேன். சுலபமாக வந்தது.

மூன்று வருடம் முன்னால், மாநாட்டின் தேநீர் இடைவேளையில் நடந்ததை எழுதினேன். வரிசையில் நின்றிருந்த நீல் யாரையும் பார்க்காமல், தன் சிப்பியில் பாதி அந்தக் கோடையில் செத்துப்போயிற்று என்று சொன்னார். அதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் அவர் சொன்னதில்லை. தன் கைத்தப்பு என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பி, எனக்கும் அப்படித்தான் என்றார். அவருக்கும் முன்னால் நின்றவரும் அதையே சொன்னார். கூடம் முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்துக் குடாவில் இருந்துகொண்டு, ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செத்த சிப்பியைக் குழிதோண்டிப் புதைத்திருக்கிறார்கள். மேடையில் நடப்பதைவிடத் தேநீர் வரிசையில் நடப்பதுதான் மாநாடு.

அங்கே கேட்ட கேள்விதான் மெய்-லின் கையில் விண்ணப்பமாக வந்திருக்கிறது. ஒன்று தாய், ஒன்று பிள்ளை. இரண்டில் எதைக் காப்பாற்றுவாய் என்று என்னைக் கேட்கிறார்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிகளை வெயிலில் போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மன்னர் பிறந்த நாள் விடுமுறை. பழைய மாநாட்டுப் படங்களை வருடவாரியாக அடுக்கினேன். சிப்பி உடைக்கும் போட்டியில் ஷெரின் ஆறு வயதில் கைதட்டிக்கொண்டு நிற்கிறாள். மின்சாரம் போன வருடம், வண்டி விளக்குகளைக் கூடத்துக்குள் அடித்து விருந்து நடத்தினோம். டாஸ்மேனியாக்காரர்களும் நம் ஆட்களும் கயிறிழுத்த படம் ஒன்று, எல்லாரும் மண்ணில் கிடக்கிறார்கள். செல் எந்தப் படத்திலும் நடுவில் இல்லை, ஓரத்தில் பாதித் தோளோடு நிற்கிறார். பின்னால் வருகிற வருடங்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறார்.

கடைசியாக நான் நடத்திய வருடத்துப் படங்களும் இருக்கின்றன. அது நன்றாக நடந்தது. எழுத வேறொன்றும் இல்லை. அந்த டிசம்பரில் அவர் போய்விட்டார். மறுவருடம் நான் நிதியத்தில் சேர்ந்தேன். ஒரு மாற்றம் வேண்டியிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

குறிப்பு முடிந்தது. ஆய்வுக்கே கொடுக்கலாம் என்று எழுதிவிட்டேன்.

காரணம் நீளமாக எழுதவில்லை. இன்னும் இரண்டு கோடை இப்படியே போனால் மாநாட்டுக்கு வர வளர்ப்பவர்கள் இருக்க மாட்டார்கள். மாநாடு ஒரு வருடம் நின்றால் அடுத்த வருடம் கூடலாம், குஞ்சுகளை இந்தக் கோடைக்குள் போடாவிட்டால் ஒரு வருடம் வீண். எழுதும்போது கை தயங்கவில்லை. டேமியனுக்கு அனுப்பிய பிறகு, கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். முகத்தைக் கழுவினேன், அவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

குழு ஒப்புக்கொண்டது. மார்குக்கு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போகும் என்றார் டேமியன். அதற்கு முன் நானே பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

மார்கிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். நிதி இல்லை, ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அப்படி எழுதியது நான்தான் என்றேன். மறுமுனையில் மோட்டார்ச் சத்தம் கேட்டது. படகில் இருந்தாள்போல.

"சரி, பெர்னி. நீயே சொன்னதுக்கு நன்றி" என்று வைத்துவிட்டாள்.

இத்தனை வருடத்தில் அவள் முந்திக்கொண்டு போனை வைத்தது இதுதான் முதல் தடவை.

ஜூன் 30, திங்கள்

வேலையில் நிதியாண்டுக் கணக்கு முடிப்பு. மார்கிடமிருந்து ஒன்றுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

எலுமிச்சை மரத்தைக் கவ்வாத்து செய்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 12, சனி

ஷெரின் போன். மாநாட்டுக்கு எப்போது போகிறாய் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீயே வேண்டாம்னு எழுதுனியாம்மா?"

"வேண்டாம்னு எழுதலை. அதைவிட இது அவசரம்னு எழுதுனேன்."

"அங்க போனா மட்டும்தான் உனக்கு அப்பா பத்திப் பேச ஆள் இருக்கு. வேற எங்க இருக்கு? எங்கிட்டகூட நீ பேசுறதில்லை."

இதற்கும் நிதிக்கும் சம்பந்தமில்லை என்றேன். "சரிம்மா" என்றாள், சின்ன வயதில் பொய்க் காய்ச்சல் சொல்லும்போது நான் அவளிடம் சொல்கிற அதே "சரிம்மா". பிறகு அவள் வீட்டுக் குளியலறை ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம்.

ஜூலை 21, திங்கள்

மார்கிடமிருந்து செய்தி. மாநாட்டை அவர்களே நடத்திக்கொள்கிறார்களாம். மூன்று நாள் இல்லை, இரண்டு. கூடாரம், விருந்து எதுவும் கிடையாது. கால்பந்து கிளப்பின் கூடம் சும்மா கிடைத்திருக்கிறது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். கடைசியில் ஒரு வரி: 'நிதியத்தின் ஆளாக வராதே. வருவதானால் நீயாக வா.'

இரண்டு தடவை படித்தேன். விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடிந்ததும் கிளம்பினேன். பின்சீட்டில் நெத்திலிப் பொரியலுக்கு மாவு, மசாலா, ஒரு பெரிய வாணலி. பாதி வழியில், கிம்பா ஊரில் அந்தப் பெரிய இளஞ்சிவப்புக் கிளிச்சிலை இன்னும் நிற்கிறது. குழந்தையாக இருந்தபோது ஷெரின் அதற்குக் கீழே நின்று படம் எடுக்காமல் விடமாட்டாள். நான் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு ஓட்டினேன். கோதுமை இந்த வருடம் குட்டையாக நிற்கிறது, மழை போதவில்லை.

கடைசித் திருப்பத்தில் குடா தெரிந்தது. முன்பு கூடைகள் நிறைந்திருந்த இடங்களில் இப்போது வெறும் கம்பங்கள். மார்க் வாசலுக்கு வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை, வாணலியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கூடத்தில் பாதிதான் நிறைந்தது. டாஸ்மேனியாவிலிருந்து யாரும் வரவில்லை, நியூ சவுத் வேல்ஸ்காரர்கள் ஒரு காரில் வந்திருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாததால் பேசுகிறவர்கள் கத்தவேண்டியிருந்தது. பழைய கலகலப்பு இல்லை, இருந்ததாக எழுதினால் பொய். சிலர் எனக்குக் கைகொடுத்தார்கள். சிலர் பார்த்தும் பாராததுபோல் போனார்கள். அது நியாயம்தான்.

மெய்-லினையும் மார்க் அழைத்திருந்தாள். மாநாட்டுக்கு வரவேண்டிய பணத்தை வாங்கிக்கொண்டவள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் எழுந்து நின்றதும் சிலர் கைகட்டிச் சாய்ந்துகொண்டார்கள். செய்யப்போவதைச் சொன்னாள். இதற்கு வெவ்வேறு குடாக்களில் இடம் வேண்டும், நல்ல இடம் இல்லை, சிப்பி அதிகம் செத்த இடம் வேண்டும் என்றாள். அதாவது, யார் யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதை இந்தக் கூடத்திலேயே வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறாள்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மார்க் எழுந்து நின்றாள்.

"எங்க வடக்கு மூலையை எடுத்துக்கோ. அங்க போட்டதுல ஒண்ணுகூடத் தேறலை."

நீல் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் தோளில் கை வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு பின்வரிசையில் ஒருவர் தன் இடத்தைச் சொன்னார். அப்புறம் இன்னொருவர். மெய்-லின் எழுதிக்கொள்ள முடியாமல் திணறினாள். அவளுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கிடைத்தது. காலையில் கைகொடுக்காதவர் ஒருவர் இடைவேளையில் என்னிடம் வந்து, நெத்திலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

மத்தியானத்தோடு முடிந்தது. ஒவ்வொரு வருடமும் கூட முடியாது, இரண்டு வருடத்துக்கு ஒருதடவை கூடலாம் என்று முடிவெடுத்தார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்க, மார்கும் நானும் கிளப்பின் சமையலறையில் பாத்திரம் கழுவினோம். அவள் கழுவ, நான் துடைத்தேன். சன்னலுக்கு வெளியே கடல் தண்ணீர் உள்வாங்கியிருந்தது. அலுவலக மின்னஞ்சலோடு வந்த என் குறிப்பைப் படித்துவிட்டதாகச் சொன்னாள். செல் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார் என்று நீல் சொன்னாராம். அதைக் கேட்டு அவள் நீலிடம் இரண்டு நாள் பேசவில்லையாம்.

பிறகு குழாயை மூடினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல நீ இங்க தங்குனதே இல்லை."

நான் கடைசியாக நடத்திய அந்த வருடம், வெள்ளிக்கிழமை காலை நீலும் செல்லும் படகில் போயிருக்கிறார்கள். செல்லால் ஒரு கூடையைத் தூக்க முடியவில்லை. நீல் விடாமல் கேட்கவே, வயிற்றில் புற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டாராம். நீல் அன்று சாயங்காலமே மார்கிடம் சொல்லிவிட்டார். பெர்னிக்கு இந்த மூன்று நாளும் தலைக்கு மேல் வேலை, அது நல்லபடியாக முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

"நாங்க உன் முகத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். அன்னைக்கு ராத்திரி உன்கூட ஆடினேன். இன்னைக்கு வரைக்கும் அதை என்னால மறக்க முடியலை" என்றாள் மார்க்.

துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்தேன்.

"எனக்கும் தெரியும், மார்க்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மாநாட்டுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையே தெரியும் என்றேன். புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கிற நேரத்தை மாற்றுவதற்காக மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்திருந்தார்கள். அந்தப் பெண் தெரியாமல் என்னிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் அவர் வந்து, பரிசோதனையில் எல்லாம் சரிதான், வெறும் வாயு என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நல்லது என்று சொல்லிவிட்டு மாநாட்டுக்குப் பெட்டி அடுக்கினேன்.

ஏன் கேட்கவில்லை என்று மார்க் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஈரக்கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள். நீல் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். முதலில் அழுதது அவளா நானா, தெரியவில்லை. முதலில் சிரித்தது அவள்தான்.

இதுவரை நான் இதை எழுதியதுமில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திரும்பும் வழியில், போர்ட் அகஸ்டாவில் தண்ணீரைப் பார்த்தபடி காரை நிறுத்திவிட்டு ஷெரினைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அப்போது பரீட்சை நேரம். ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லிக்கலை. அந்த மூணு நாளும் என்னம்மா பண்ணீங்க?"

"மாநாடு நடத்துனோம்."

"விளையாடாதம்மா."

விளையாடவில்லை என்றேன். அதற்கு மேல் போனில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து அவளுக்கு எழுதி அனுப்பினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த வருடம் அப்பா எந்த அமர்விலும் பேச ஒத்துக்கொள்ளவில்லை. வாசலில் பதிவு மேசையைத் தனக்குத் தரச் சொன்னார். கூச்சத்தில் யாருக்கும் முதலில் வணக்கம் சொல்லாத மனிதர், வருகிற ஒவ்வொருவருடைய பெயரட்டையையும் தேடி எடுத்து, பெயரை வாய்விட்டுப் படித்து, கையில் கொடுத்துவிட்டு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். மகன் எப்படி இருக்கிறான், அந்தப் புதுப் படகு என்ன ஆயிற்று என்று கேட்பார். வரிசை வெளியே வண்டி நிறுத்துகிற இடம் வரை நீண்டுவிட்டது. நான் உள்ளேயிருந்து வந்து, "என்னங்க, சீக்கிரம் குடுங்க, எல்லாரும் குளிர்ல நிக்காங்க" என்றேன்.

"இருக்கட்டும் பெர்னதெத். எல்லாரையும் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மேசை விரிப்பு மறைத்ததால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போய், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் போட்டேன். காலையிலிருந்து எல்லாரும் நின்றுகொண்டுதான் வேலை பார்த்தார்கள், யாருக்கும் நாற்காலி கிடையாது. அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வரிசை காத்திருந்தது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.